இரண்டு சேவலும் ஒரு கூடும்: வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், முன்னால் மரச்சீனி, பின்னால் ரப்பர் என்று சரிவான ஒரு விளையில், அதாவது தோட்ட நிலத்தில், இருக்கிறது. இருபது, இருபத்தைந்து நாட்டுக்கோழிகள் எந்த நேரமும் நிற்கும். அக்கம்பக்கத்தில் யாராவது புதிதாகக் குஞ்சு வாங்கினால் நாலைந்து மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சேவல் கூவத் தொடங்குகிற மாதம் அது. கேள்வி சேவலைப் பற்றித்தான் இருக்கும். நான் கூட்டைப் பற்றித் திருப்பிக் கேட்பேன். நான் பார்த்தவரை சண்டையில் பாதி சேவலின் குணம், மீதிப் பாதி நாம் அடித்த கூட்டின் கோணல். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்ந்த இரண்டு சேவல்கள். நேற்றுவரை ஒரே கம்பில் தூங்கின. இன்று முற்றமெல்லாம் ரத்தம். என்ன ஆயிற்று?

வயது வந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு மாதக் குஞ்சுகள் நெஞ்சை நிமிர்த்தி முட்டிப் பார்ப்பது விளையாட்டு. நின்று சிரித்துவிட்டுப் போகலாம். நாலாம் மாதத்துக்கு மேல் கொண்டை சிவந்து, கூவல் திரண்டு, வெடைகள் (இளம்பெட்டைகள்) முட்டையிட இடம் தேடுகிற நேரத்தில் அதே முட்டல் நிஜமாகிவிடும். தீவனத்துக்கு முதலில் யார், பெட்டையை மிதிப்பது யார், உயரக் கம்பு யாருக்கு என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்து வரிசையை ஆய்வாக வெளியிட்டார். நம் ஊர்ப் பாட்டிமார் குறிப்பெடுக்கவில்லை என்பதுதான் குறை.

வரிசை முடிவானதும் சண்டை தானாக அடங்கும், தோற்றது விலகிப்போக இடம் இருந்தால். எங்கள் பழைய கூட்டில் அந்த இடம் இல்லை. நாலடிக்கு மூன்றடி, ஒரே வாசல். ஒரு மார்கழிக் காலையில் கதவு திறக்க அரைமணி நேரம் பிந்திவிட்டது. திறந்து பார்த்தால், இளையது மூலைக்குள் தலையைச் செருகி முதுகைக் காட்டி நிற்கிறது. தோற்றுவிட்டேன் என்று சேவல் சொல்கிற விதம் அது. சொன்னபிறகும் போக வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லாததால் பெரியது கொத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பின்மண்டைத் தோல் உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. என் அம்மை சேவலைத் திட்டவில்லை. "கூட்டுக்கு ஒத்த வாசல் வச்சது யாரு?" என்று மட்டும் கேட்டாள். வைத்தது நான்தான்.

எத்தனை பெட்டைக்கு எத்தனை சேவல்?

எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒன்று. நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் சேவல்கள் அடித்துக்கொள்வது பிறகு, முதலில் பெட்டைகளின் முதுகைப் பாருங்கள். மிதித்து மிதித்து இறகு போய்ச் சிவந்திருக்கும்.

வெறும் முட்டைக்குச் சேவலே வேண்டாம். அடைவைக்கத்தான் வேண்டும். சேவலை விற்றபிறகும் பத்து நாள், இரண்டு வாரம்வரை வரும் முட்டைகள் கருக்கூடி இருக்கும். அதனால் ஒன்றை விற்று அடுத்தது வர ஒரு வாரம் ஆனால் பதற வேண்டியதில்லை.

சண்டையை எப்போது விலக்க வேண்டும்?

கழுத்து மயிரைச் சிலுப்பி, தலையை ஒரே உயரத்தில் வைத்து முறைத்துக்கொண்டு, இரண்டு தாவு தாவிவிட்டு ஒன்று ஓடிவிட்டால் விடுங்கள். பெரியது பத்தடி துரத்திவிட்டு நின்று கூவும். வேலை முடிந்தது. ஓடுகிறதை விடாமல் துரத்துகிறதா, ஓடுகிறது மூலையில் மாட்டிக்கொண்டதா, கண்ணிலோ மண்டையிலோ ரத்தமா, வாயைப் பிளந்து மூச்சிரைத்த பிறகும் நிறுத்தவில்லையா, அப்போது இறங்கவேண்டும்.

கையை நடுவில் நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் சேவலின் கால்முள் யார் கையென்று பார்க்காது. ஒன்றின்மேல் கூடையைக் கவிழ்த்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்து சுலபமான வழி. கூடை இல்லையென்றால் சாக்கு, அதுவும் இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீர். பிறகு பின்பக்கமாக இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது. களைத்த சேவலுக்கு மூச்சு முட்டும்.

காயத்துக்கு என்ன போடுவது?

கொண்டையில் ஒரு கீறலுக்கே முகமெல்லாம் ரத்தமாகத் தெரியும். சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, போவிடோன் அயோடின் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்தும் போடுங்கள். வேப்பெண்ணெய் முக்கியம். நம் ஊர் ஈரத்தில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட ஒரு நாள் போதும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

ரத்தம் காய்ந்து சிவப்பு மறையும்வரை பிரித்து வையுங்கள். சேவல் மட்டுமில்லை, பெட்டைகளும் சிவப்பைக் கண்டால் கொத்தும். கண் வீங்கி மூடிவிட்டாலோ, இரைப்பை கிழிந்து தின்ற அரிசி வெளியே வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

காயம் ஆற இரண்டு வாரம் தனியே வைத்தேன். திரும்ப விட்டதும் முன்னைவிட மோசமாக அடிக்கின்றன. ஏன்?

இரண்டு வாரத்தில் அது அந்நியச் சேவல் ஆகிவிட்டது. வரிசையில் அதன் இடம் போய்விட்டது. அதனால் பிரித்து வைக்கும்போதே மற்றவை பார்க்கிற இடத்தில், நடுவில் வலை மட்டும் இருக்கும்படி வையுங்கள். திரும்பச் சேர்க்கும் முறை புதுச் சேவலுக்குச் சொல்வதுதான். கீழே வருகிறது.

கூடு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

பகலில் விளையில் மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடையும் கோழி என்றால் ஒன்றுக்கு இரண்டு சதுர அடி. பன்னிரண்டு கோழிக்கு ஆறடிக்கு நாலடி. நாள் முழுக்க அடைத்து வைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. கூட்டோடு சேர்ந்து வலையடித்த முற்றமும் வேண்டும், கோழிக்குப் பத்துச் சதுர அடியாவது.

ஆனால் பரப்பளவைவிட அமைப்புதான் சண்டையைத் தீர்மானிக்கிறது. சேவல்கள் வெளிச்சம் வரும் முன்பே விழித்துவிடும். விழித்ததிலிருந்து நீங்கள் கதவு திறக்கும்வரை உள்ள அந்த நேரம்தான் ஆபத்து. பசி, கூவல், நெருக்கடி எல்லாம் அப்போது ஒன்றாக வரும். எங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே இறங்குவார்கள். அப்போதே கதவைத் திறந்துவிட்டால் மரநாய் இன்னும் வீடு திரும்பியிருக்காது. மண் நிறம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வந்ததும் திறப்பதுதான் எங்கள் வழக்கம்.

அந்த மார்கழிக்குப் பிறகு கட்டிய கூட்டில் நான் மாற்றியவை இவை. வாசல் இரண்டு, எதிரெதிர்ப் பக்கத்தில். உள்மூலைகளில் குறுக்கே சாய்வாகப் பலகை அடித்தேன். தலையைச் செருக மூலையே இல்லை, ஓடுகிற சேவல் சுற்றி வந்துவிடும். கம்புகளை ஏணிபோல் மேலும் கீழுமாக வைக்காமல் ஒரே உயரத்தில் வைத்தேன். மேல்கம்பு இருந்தால்தானே மேல்கம்புக்குச் சண்டை. ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம், சேவலுக்கு ஒரு அடி. கம்புக்கும் கம்புக்கும் நடுவே ஒன்றரை அடி. கம்பு இரண்டு அங்குல அகலம், விளிம்பை மழுக்கிவிடவேண்டும். முட்டையிட நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும், அதுவும் இருட்டான பக்கத்தில்.

வெளியே தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று கிணற்றடியில், இன்னொன்று வாழைமூட்டுக்குப் பின்னால். சுவரில் சாய்த்த ஒரு பழைய கதவும் தென்னை மட்டைக் குவியலும் கிடக்கட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தோற்ற சேவலுக்கு அதுதான் அடைக்கலம். பெரியவனின் கண்ணுக்கு மறைந்தால் பாதிச் சண்டை மறந்துபோகும்.

மரம் எது வாங்குவது? மழைக்கு என்ன செய்வது?

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. தரையில் வைத்த கூடு நாறும். தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கிக் கட்டுங்கள். கால்கள் சிமெண்ட் தூணாக இருந்தால் கரையான் ஏறுவதைக் கண்டுபிடிக்கச் சுலபம். கமுகுச் சலாகைகளை விரல் நுழையும் இடைவெளியில் பரப்பினால் எச்சம் கீழே விழுந்துவிடும், வாரியெடுத்து வாழைக்குப் போடலாம். ஓலை குளிர்ச்சி, ஆனால் வருடாவருடம் மாற்றவேண்டும். ஓடு நல்லது. தகரம் மலிவு, வெயிலில் கொதிக்கும், மேலே ஓலை பரப்பினால் தாங்கும்.

ரப்பர் தடி சும்மா கிடைக்கிறதே என்று அடிக்காதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் பலகையைச் சீக்கிரமே வண்டு துளைத்து மாவாக்கிவிடும். பனங்கை, அயனி, பழைய வீடு பிரித்த சட்டம் எது கிடைத்தாலும் அதற்கு மேல்.

மேல்பக்கம் ஒரு அடி காற்றோட்டம் விடுங்கள். ஈரத்தில் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும். மூச்சு முட்டுகிற கோழி சிடுசிடுக்கும், மனிதரைப் போலத்தான்.

ஆரல்வாய்மொழிப் பக்கத்தார் காற்றுக்குக் கூரையைக் கட்டுவது தனிக் கலை, அது அவர்களுக்கே தெரியும். எங்களுக்கு அது 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலில்தான் தெரிந்தது. தகரம் பறந்து பக்கத்து விளையில் கிடந்தது. கோழிகள் எல்லாவற்றையும், ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று சேவல்களையும் சேர்த்து, சமையல்கட்டை ஒட்டிய சாய்ப்பில் அடைத்தோம். கரண்ட் இல்லை, ஜன்னலில் சாக்கு. இரண்டு நாளும் ஒரு சத்தம் இல்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்து வெயிலில் விட்டதும் முற்றத்திலேயே தொடங்கிவிட்டன. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டையும் இல்லை. புதுச் சேவலைச் சேர்க்க இந்த இருட்டுதான் உதவும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை ஏலத்தில் ஒரு சேவல் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் விட்டோம், பழைய சேவல் கொல்லப் பார்க்கிறது.

ஏல உற்சாகத்தில் எல்லோரும் செய்வதுதான். முதல் இரண்டு மூன்று வாரம் புதியதைத் தூரத்தில் தனியாக வையுங்கள். இது சண்டைக்காக இல்லை, நோய்க்காக. வெள்ளைக்கழிச்சல் வந்தால் சண்டையிட ஒன்றும் மிஞ்சாது. கால்நடைத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் இதற்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம்தான், தவறவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் வலைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம். முதல் நாள் வலையை முட்டும். பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒரு நாள் இரண்டும் முதுகைக் காட்டி மண்ணைக் கிளறும். அன்றைக்கு ராத்திரி எல்லாம் அடைந்தபிறகு புதியதைத் தூக்கிக் கம்பில் வையுங்கள். விடியற்காலம் நீங்கள் அங்கே நிற்கவேண்டும், கையில் கூடையோடு. கதவைத் திறந்து எல்லாவற்றையும் அகலமான இடத்துக்கு விட்டு, தானியத்தைப் பரவலாக வீசுங்கள். சின்ன மோதல் வரும். விலக்கவேண்டாம்.

கீரி, மரநாய்க்கு என்ன வலை?

கோழிவலை என்று கடையில் தரும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். நாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குல வெல்டு வலை வாங்குங்கள், குறைந்தது கீழ் இரண்டடிக்கு. தாழ்ப்பாளுக்கு ஒரு முறுக்குக் கம்பி கூடுதலாகப் போடுங்கள்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் நிற்கிறது. கொடைவிழாவுக்கு இன்னும் ஏழு மாதம். வீட்டுச் சேவலோடு ஆகவில்லை. விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது.

இது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். மாடன் சாமிக்கு நேர்ந்தது கால் நொண்டினாலும் வீட்டில் ஆளுக்கொரு பயம் வரும். பெரும்பாலானோர் செய்வது, காலில் கயிறு கட்டிக் கொய்யாமரத்தில் கட்டிவைப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. அவிழ்ந்து திரிகிற சேவல் வந்தால் கட்டிக் கிடப்பது ஓடமுடியாது. நான் பார்த்த செத்துப்போன சேவல்களில் இரண்டு இப்படிக் கயிற்றில் செத்தவை.

நேர்ந்ததைக் கட்டாமல் வீட்டுச் சேவலை மாற்றுங்கள். வீட்டுச் சேவலை விற்றுவிட்டு ஏழு மாதமும் நேர்ந்த சேவலையே பெட்டைகளோடு விடலாம். நேர்ந்தது மிதிக்கக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை. உங்கள் குடும்ப வழக்கம் வேறாக இருந்தால், கீழே சொல்லும் சேவல்பட்டிதான் வழி. அடுத்த தடவை நேரும்போது ஐந்து மாதச் சேவலைக் காட்டி நேராமல், அடுத்த அடையில் பொரியும் குஞ்சில் ஒன்று என்று நேர்ந்துகொள்ளுங்கள். தெய்வம் காத்திருக்கும்.

சேவல்களை மட்டும் ஒன்றாக அடைக்கலாமா?

அடைக்கலாம், பெட்டையே கண்ணில் படாவிட்டால். ஒன்றாக வளர்ந்த ஆறேழு சேவல்கள் ஒரு பட்டியில் முறைத்துக்கொண்டே, ஆனால் பெரிய காயம் இல்லாமல் விற்கும்வரை நின்றுவிடும். ஒரு பெட்டை வேலி தாண்டி உள்ளே போனால் அன்றைக்குத் திருவிழாதான். பட்டியிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தால் திரும்ப உள்ளே விடாதீர்கள்.

பெருவிடை (சண்டைக்கோழி ரகம்) வளர்க்கிறேன். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. நாம் இதுவரை பேசிய சாதாரண நாட்டுக்கோழி, அதாவது சிறுவிடை, தோற்றால் ஓடும். அசில், பெருவிடை ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடாததற்காகவே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். இரண்டு வளர்ந்த சேவலை ஒரு நிமிடம்கூட ஒன்றாக விடாதீர்கள். ஒன்றுக்கு ஒரு கூடு, நடுவில் வலையில்லாமல் மறைப்புத் தட்டி. சும்மா ஒரு பயிற்சிக்கு மோதவிடுவோம் என்று வருகிற மச்சான்மாரிடம் சொல்லுங்கள், 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் விலங்கைத் தூண்டிச் சண்டையிடவைப்பதும் குற்றம், அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம்.

முள்ளை வெட்டிவிடலாமா?

முள்ளின் உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது. அடியோடு வெட்டினால் ரத்தம் நிற்காது. கூர்நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்குங்கள். ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், ஒருவர் பிடித்துக்கொள்ள. வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

பைக் கண்ணாடியைக் கொத்துகிறது.

அதில் ஒரு சேவல் தெரிகிறது, ஓடவும் மாட்டேன் என்கிறது. கண்ணாடியில் ஒரு பையை மாட்டிவிடுங்கள்.

பிள்ளைகளைத் துரத்துகிறது. பழக்க முடியுமா?

உதைக்காதீர்கள். உதைத்தால், இவனும் சண்டைக்கு வருகிறான் என்றுதான் அது நினைக்கும். ஓடினாலும் துரத்தும். நின்று, மெதுவாக அதை நோக்கியே நடந்து, தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வேலையைப் பாருங்கள். சிலது ஒரு மாதத்தில் அடங்கும். அடங்காததை வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கும்போது வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யாதீர்கள். அந்தப் பிள்ளையின் கண்ணும் சேவலின் முள்ளும் ஒரே உயரம். குழம்புதான்.

குளச்சலில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்கிறோம். நாலு மணிக்குக் கூவுகிறது, பக்கத்து வீட்டு அக்கா பேசுவதில்லை.

கூவலை நிறுத்த வழி இல்லை. நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-ல் சேவல்களை மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் விடியலுக்கு முன்னே கூவின. நேரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. 2015-ல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: வரிசையில் முதலாவது சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அதற்குப் பிறகே. உங்களிடம் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். பதில் கூவல் இல்லாமல் போகும். கூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். கூவலை அடக்கக் கழுத்தில் பட்டை மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மீனும் முட்டையும் மாறிமாறிப் போய்வந்தால் அக்கா பேசுவார்.

கூடுதல் சேவல்களை எப்போது கழிப்பது?

சண்டை தொடங்கிய பிறகு விற்கப்போனால் கிழிந்த கொண்டையோடு போகும், திங்கள்சந்தையில் விலையைக் குறைப்பார்கள். அடையில் பத்துக் குஞ்சு பொரிந்தால் ஏறக்குறைய பாதி சேவல் என்று முதல் நாளே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சேவல் வேண்டுமென்றால் ஜூன் நடுவில் அடைவைக்கவேண்டும். இருபத்தொரு நாளில் பொரித்து, டிசம்பரில் ஐந்து மாதம் தாண்டியிருக்கும். பொரிப்பது மழையில் என்பதால் முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் சாய்ப்பை விட்டு வெளியே விடுவதில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்போம். நிற்கப்போவதன் காலில் சிவப்பு நூல், போகப்போவதன் காலில் வெள்ளை. அம்மை டார்ச் பிடிப்பாள். சிவப்பு நூல் எப்போதும் அவள் எண்ணிக்கைப்படி ஒன்று கூடிப்போகும்.